பத்து நிமிஷத்துக்கு ஒரு தட்டு

தட்டியாயிற்று. இனிப் பத்து நிமிஷத்துக்குக் கவலை இல்லை. ஸ்பேஸ் பாரில் ஒரு தட்டு. இந்த ஆள் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறான் என்று அது நம்பிக்கொள்ளும். தட்ட மறந்தால் பத்தாவது நிமிஷம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். ஏப்ரலில் வந்த புது இணையதளம், பாதுகாப்பு அதிகமாம். வெளியே போனால் திரும்ப உள்ளே வர ஐடி வேண்டும், பாஸ்வேர்டு வேண்டும், அதற்கும் கீழே படமாகப் போட்டிருக்கும் ஆறு எழுத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். கோணலும் மாணலுமாக எழுதி, அதன் மேல் கோடு கோடாகக் கிறுக்கியிருக்குமாம். நான் எங்கே கண்டேன், பக்கத்து சீட் ராஜகிளி சொன்னதுதான். திரையில் இருப்பதையெல்லாம் என் காதில் வாசித்துச் சொல்கிற குரல் ஒன்று இருக்கிறது, மூக்கால் தமிழ் பேசுகிறவன். அவன்கூட அந்த இடம் வந்ததும் ‘இமேஜ்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வான். மெஷின்கள் உள்ளே நுழைந்துவிடாமல் இருக்க அந்தப் படமாம், வந்திருப்பது மனுஷன்தானா என்று சோதிக்கிறதாம். நாற்பத்தாறு வருஷம் மனுஷனாகவே இருந்துவிட்டு, நீ மனுஷன்தானா என்று ஒரு மெஷின் கேட்டால் பக்கத்து சீட்டில் விசாரித்துப் பதில் சொல்கிறேன். கண் தெரியாதவர்கள் காதால் கேட்டு அடிப்பதற்கு என்று ஒரு பட்டனும் உண்டு. அமுக்கினால் ‘விரைவில்’ என்கிறது. ஆகஸ்ட் வந்துவிட்டது, இன்னும் விரைவில்தான். மணி பதினொன்று ஐம்பது. பதினேழு மனு முடிந்தது, இது பதினெட்டு. களக்காட்டுக்காரர் ஒருவர் பக்கத்து வாழைத் தோட்டத்துக்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்று ஆரம்பித்து, அந்தத் தோட்டத்துக்காரனுடைய மாமனார் எப்படிப்பட்டவர் என்பதில் வந்து நிற்கிறார். பொதுமக்கள் போன் போட்டு, பீப் சத்தத்துக்குப் பிறகு தங்கள் குறையைப் பேசி வைப்பார்கள். நான் அதைக் கேட்டு பேர், ஊர், விஷயம், எந்தத் துறை என்று அடித்து அனுப்ப வேண்டும். கேட்கிற வேலை. எனக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்த வேலை மாதிரி இருந்தது, மார்ச் மாதம் வரைக்கும்.

அடிவயிறு கனக்கிறது. வாழைத்தண்டு. காலையில் என் பெண்டாட்டி பேச்சி ஒரு சொம்பு நிறையச் சாறு கொடுத்து, பக்கத்திலேயே நின்று குடிக்க வைத்தாள். சிறுநீரகத்தில் கல். நாலு மில்லிமீட்டர், தண்ணி குடிக்காததால் வந்தது, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மூன்று லிட்டர் குடித்தால் எத்தனை தடவை எழுந்து போக வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. இங்கிருந்து வராந்தா வழியே அறுபத்திரண்டு எட்டு, அப்புறம் படி இறக்கம், அங்கே ஆள் இருந்தால் காத்து நிற்க வேண்டும், திரும்பி வர வேண்டும். பன்னிரண்டு நிமிஷத்துக்குக் குறையாது. வருவதற்குள் இது என்னை வெளியே தள்ளியிருக்கும். மறுபடியும் ‘அம்மா, கொஞ்சம் எழுத்தைப் பார்த்துச் சொல்லுங்க’ என்று கேட்க வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதை விட்டேன். பத்தரை மணி டீயை விட்டேன். ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போகும்போது ஒரு தடவை, ஐந்தே முக்காலுக்கு ஒரு தடவை, அவ்வளவுதான் என் உடம்புக்கு நான் கொடுத்திருக்கிற அனுமதி. மாற்றுத்திறனாளிகளுக்கென்று இந்த மாடியிலேயே ஒரு கழிப்பறை உண்டு, கதவில் சக்கர நாற்காலி படம் ஒட்டியிருக்கிறதாம். அதில் பழைய பைல்களை அடுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். பைல்களுக்கு நடுவே, நான் ஆபரேட்டராக இருந்த காலத்து டெலிபோன் போர்டும் கிடக்கிறது, எனக்குத் தெரியும், அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது கூடவே நடந்து போனேன். வாழைத்தண்டு, வாழைத் தோட்டம். களக்காட்டுக்காரர் இப்போது மாமனாரை விட்டுவிட்டு மைத்துனனைப் பிடித்திருக்கிறார். ஐயா, நீர் சர்வே நம்பரைச் சொல்லும். தட்டு. காலை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன். வலது கால் மேல் இடது கால் போட்டால் கொஞ்சம் தாங்கும். இதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

ராஜகிளி இன்று பேசவில்லை. காலையில் வந்ததும் ‘தள்ளுங்கண்ணே, நானே போட்டுத் தாரேன்’ என்று என் கீபோர்டை இழுத்து நாலு தட்டுத் தட்டி உள்ளே விட்டுவிட்டு, சேலை சரசரக்கப் போய் உட்கார்ந்தாள். அதோடு சரி. முன்பெல்லாம் எழுத்தை ஒவ்வொன்றாக வாசிப்பாள். ஏப்ரலில் அவள் வாசித்ததில் ஒரு ராகம் இருந்தது: ‘பெரிய கே அண்ணே, சின்ன எம், ஏழு, அய்யய்யோ இது ஓவா சைபரா தெரியலையே, ஒரு நிமிஷம் இருங்க.’ மே மாதம் அந்த ‘இருங்க’ போயிற்று. அப்புறம் ‘அண்ணே’யும் போய் வெறும் கே, எம், ஏழு. ஆறெழுத்தை ஒருத்தி எப்படி வாசிக்கிறாள் என்பதிலேயே அவள் வீட்டில் காலையில் என்ன நடந்தது, மேலதிகாரி என்ன சொன்னார், என்மேல் எவ்வளவு சலிப்பு சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. யாருக்குத்தான் சலிக்காது, பெற்ற தாய்க்கே சலிக்கும். ஜூன் மாதத்திலிருந்து அவளே வந்து போட்டுவிட ஆரம்பித்தாள், வாசிக்கிற நேரத்துக்குப் போட்டுவிடுவது சுளுவு என்று. நானும் நல்லதாயிற்று என்று கையை எடுத்துக்கொண்டேன். நல்லவள்தான். ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த நல்லதனம்தான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நல்லவர்களிடம் கோபப்பட முடியாது, நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நன்றி என்றால் மாதத்துக்கு எத்தனை? வேண்டாம், அந்தக் கணக்குக்குள் போனால் மனு ஓடாது. களக்காடு முடிந்தது. அவர் கடைசி வரைக்கும் சர்வே நம்பர் சொல்லவில்லை. வருவாய்த் துறை, நில அளவைப் பிரிவு. பதினெட்டு.

இனி ஏழு. ஒரு மணிக்குள் இருபத்தைந்து, மற்ற நாளில் சாயங்காலம் வரைக்கும் இழுக்கிற கணக்கு. நேற்று சாயங்காலம் கண்காணிப்பாளர் ஞானசிகாமணி நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டால் நல்ல செய்தி கிடையாது. தோளில் கை வைத்தார். ‘குருபரன், ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஒங்க கணக்கு ரொம்ப மோசமா இருக்கு.’ எவ்வளவு சார் என்றேன். ‘அதை விடுங்க, எண்ணைச் சொல்லி என்னத்துக்கு. இந்த சிஸ்டம் ஒங்களுக்கு ஒத்துவராது. நீங்க ஏன் கெடந்து சிரமப்படணும்? இலகுப் பணி கேட்டு ஒரு லெட்டர் குடுத்திருங்க. கீழ ரெக்கார்டு ரூம்ல காத்தோட்டமா ஒரு சீட்டு போட்டுத் தாரேன். சம்பளம் எங்க போயிரப் போவுது?’ இருபத்தெட்டு மனு, முப்பது மனு என்று தினமும் முடிக்கிறேனே சார் என்றேன். அவர் பதில் சொல்லாமல் இருந்தார். அந்த இரண்டு நொடி ஏன் அப்படி இருந்தது என்று இரவெல்லாம் புரண்டேன். பொய் சொல்கிற குழந்தையிடம் பெரியவர்கள் இருப்பார்களே, அந்த மாதிரி இருந்தது. பிறகு, ‘சரி, நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு லிஸ்ட் எடுக்கேன். அதுக்குள்ள ஒங்க பேருக்கு நேரா இருபத்தஞ்சு இருந்தா நான் இந்தப் பேச்சையே எடுக்கல. இல்லைன்னா கையெழுத்துப் போட்டிருங்க’ என்று முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அவர் போன பத்து நிமிஷத்தில் பக்கத்து சீட்டில் கீபோர்டு ஓடியது. மனு அடிக்கிற ஓட்டம் இல்லை, யோசித்து யோசித்து வார்த்தை கூட்டுகிற ஓட்டம். என்னம்மா அடிக்கிறீங்க என்று கேட்டேன். கீபோர்டு நின்றது. ‘சார்தான் அண்ணே எழுதச் சொன்னாரு. நான் என்ன பண்ண?’ என் லெட்டரை, நானே மனமுவந்து எழுதுவதாக, அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

ரெக்கார்டு ரூம். காத்தோட்டம். எனக்குக் காற்றோட்டத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். பத்தொன்பதாவது மனு, சேரன்மகாதேவி, முதியோர் உதவித் தொகை, கைரேகை விழவில்லையாம், விரல் தேய்ந்துபோன கிழவர். விரலைக் கொடு என்கிறது, கண்ணைக் காட்டு என்கிறது, ஒவ்வொரு மெஷினும் உடம்பில் ஒரு பாகத்தைக் கேட்கிறது, இருக்கிறவன் கொடுப்பான். நான் ஏற்கெனவே ஒரு தடவை காற்றோட்டமாக இருந்து பார்த்தவன். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு என் டெலிபோன் போர்டைக் கழற்றினார்கள், ஆனால் என்னைக் கழற்ற முடியாதே, நிரந்தரப் பணியாளன். அதனால் அதே அறையில் அதே நாற்காலியில் பதினான்கு மாதம் சும்மா உட்கார வைத்தார்கள். பத்து மணிக்கு வருவேன், உட்காருவேன், ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பேன். ‘ஒமக்கென்ன வே, ராஜா வாழ்க்கை’ என்று கதவோரம் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். மின்விசிறி சுற்றும்போது ஒரு சிறகு மட்டும் கிர் என்று உரசும், அதை எண்ணுவேன், ஆயிரம் வந்ததும் திரும்ப ஒன்றிலிருந்து. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள், மேஜைமேல் விட்டுப் போயிருந்த செத்த ரிசீவரைக் கையில் எடுத்து ‘வணக்கம், யார் வேணும்?’ என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை, வாய் தானாகச் சொன்னது. வாசலில் ஆபீஸ் உதவியாளர் இசக்கியப்பன் நின்றிருக்கிறான். அவன் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சத்தம் போடாமல் நழுவிப் போய்விட்டான். வீட்டில் போர்டு கழற்றியதைச் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது பேச்சி, இன்னைக்கு யாரெல்லாம் லைன்ல வந்தாங்க என்று கேட்பாள். நான் சொல்வேன், தாசில்தார் கோபத்தில் கத்தினார், ஒரு கிழவி மகன் நம்பரைத் தப்பாக எழுதி வைத்துக்கொண்டு என்னைப் போட்டுப் பாடாய்ப் படுத்தினாள் என்று. மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பதினான்கு மாதம், ஒரு நாள் தவறாமல் கதை கட்டினேன். வேலை பார்ப்பதைவிட அது பெரிய வேலை. திரும்பவும் அங்கே போய் உட்கார்ந்தால் நான் செத்துப்போவேன். பெரிய வார்த்தையாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், செத்துப்போவேன். தட்டு.

இருபது. இருபத்தொன்று. கை சரியாகத்தான் ஓடுகிறது. ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்கிறான் மூக்கன். இந்த இணையதளத்தில் எந்தப் பட்டனுக்கும் பேர் வைக்கவில்லை, கண்ணுள்ளவர்களுக்கு அதில் ஒரு சின்னப் படம் போதுமாம். பதினோராவது பட்டன் சேமிக்க, பன்னிரண்டாவது அழிக்க. எண்ணிக்கொண்டே போய்ப் பதினொன்றில் நிற்க வேண்டும். மே மாதம் ஒருநாள் ராத்திரியோடு ராத்திரியாக நடுவில் ஒரு பட்டனைச் சொருகிவிட்டார்கள். எனக்கு யார் சொல்வது, மூன்று மனுவை அழித்தபிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று பேரும் யாரோ. ஒருத்தி திசையன்விளை, ரேஷன் கார்டில் செத்துப்போன மாமியார் பேர் இன்னும் இருக்கிறது என்று சொன்னவள், நடுவில் இருமினாள். அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருப்பாள். அழிந்தது அழிந்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லையே, தினமும் இருபத்தெட்டு, முப்பது, மனசுக்குள் வரிசை வைத்திருக்கிறேனே, பிறகு எப்படிக் கணக்கு மோசம்? எங்கேயோ உதைக்கிறது. ராஜகிளிக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து வருகிறது. பிரிவிலேயே முதலாவது. சுதந்திர தினத்தன்று கலெக்டர் கையால் நற்சான்றிதழ், பட்டியல் போய்விட்டது. போன வாரம் லட்டு கொடுத்தாள், நான் இரண்டு வாங்கித் தின்று ‘ஒங்களுக்குக் கிடைக்காம யாருக்கும்மா கிடைக்கணும்’ என்றேன். உண்மையாகவே சொன்னேன். ஆனால் என் காதுக்கும் அந்த ஐம்பத்திரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் கீபோர்டு அவ்வளவு ஓடுவதில்லை. பதினொன்றரைக்கு மகனுக்குப் போன் பேசுவாள், மூன்று மணிக்குக் கொஞ்சம் ஓய்வாள். ஒரு நாளைக்கு இருபத்தைந்து மனு ஓட்டம்தான் என் காதில் விழுகிறது. வயிற்றெரிச்சல். அவள் முன்னேறுவது பொறுக்காமல் காது பொய் சொல்கிறது. சீ. சோறு போடுகிற கையை மோந்து பார்க்கிற புத்தி. இருபத்திரண்டு, முக்கூடல், பீடிச் சங்க அட்டை. இருபத்துமூன்று.

இருபத்துநான்கு. இனி இருமக்கூடாது. கீழே ஒரு கல் உருள்வது மாதிரி வலது விலாவிலிருந்து தொடை வரைக்கும் இழுக்கிறது, நெற்றி வேர்த்துக் கறுப்புக் கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது. பன்னிரண்டு நாற்பத்தொன்று. எழுந்து போய்விடலாமா? போனால் இது வெளியே தள்ளும், ராஜகிளி இன்று இருக்கிற இருப்பில் அவளைக் கேட்பதற்கு நாற்காலியிலேயே பெய்துவிடலாம். அப்படியே பெய்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு ஓடியது, பிரிவே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்திருக்கும், கண்காணிப்பாளர் தோளில் கை வைக்க முடியாமல் எட்டி நின்று பாவம் என்பார். எனக்கே சிரிப்பு வந்தது, சிரித்தால் ஆபத்து. இருபத்தைந்து, பணகுடி, ஒரு சின்னப் பெண், குரலை வைத்துப் பார்த்தால் இருபதுகூட இருக்காது, விதவைச் சான்று கேட்கிறாள், ரொம்பத் தெளிவாக, எழுதி வைத்து வாசிப்பது போல் பேசுகிறாள். பதினோராவது பட்டன். சேமிக்கப்பட்டது. பன்னிரண்டு ஐம்பது. இருபத்தைந்து! மேஜையில் கையைக் குத்திக்கொண்டேன். இன்னும் ஒன்றுக்கு நேரம் இருக்கிறது, அதையும் போடு, யாருக்கும் ஒரு சொல் மிச்சம் வைக்காதே. இருபத்தாறு. சேமிக்கப்பட்டது.

செருப்புச் சத்தம், பிரிண்டர் தாளின் சூடான வாசனை. ஞானசிகாமணி வந்துவிட்டார். பிரிவில் பேச்சு அடங்கியது, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் சிரித்த முகமாக இருந்தேன், அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது, சிரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ‘குருபரன்’ என்றார், குரல் தணிந்திருந்தது. ‘நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். லிஸ்ட்ல ஒங்க பேருக்கு நேரா சைபர்.’ இருபத்தாறு சார், நெட்டு மெதுவா இருக்கும், திரும்ப எடுங்க என்றேன். ‘இன்னைக்கு மட்டும் இல்ல. ஜூன்லேருந்தே சைபர்தான். நீங்க தெனமும் உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கிய, சொன்னா மனசு ஒடைஞ்சு போவியளேன்னு நான்தான் சொல்லல.’ இரண்டு மாதமாக. இந்த மனுஷன் இரண்டு மாதமாக, குருடன் சும்மா விளையாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று இரக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கோபம் வருவதற்குள்ளேயே, தட்டில் தாளம் போடுவது போல் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ராஜகிளிக்கு இன்னைக்கு எவ்வளவு சார் என்றேன். ‘நாப்பத்துநாலு. அது எதுக்கு இப்ப?’ நாற்பத்துநாலில் இருபத்தாறு போனால் பதினெட்டு. காலையிலிருந்து என் காதில் விழுந்தது பதினெட்டுதான். பக்கத்தில் வளையல் ஒன்று மேஜை விளிம்பில் இடித்தது. அவள் தன்னுடைய ஐடியைப் போட்டு என்னை உள்ளே விட்டிருக்கிறாள். தினமும். திரையின் மேல் மூலையில் அவள் பேர் நின்றிருக்கிறது. கண்ணுள்ள யார் எட்டிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை, மூக்கனும் அதை வாசிப்பதில்லை. அம்மா, நீங்களே சொல்லுங்க என்றேன். சொல்வாள் என்று நினைத்தேன். பத்து எண்ணும் வரைக்கும் காத்திருந்தேன்.

பிறகு நான் சொன்னேன். ‘சார், அந்த நாப்பத்துநாலுல என்னுது இருக்கு. ஒண்ணு, பத்தமடை, மும்தாஜ் பேகம், பட்டா பேர் மாத்தம். ரெண்டு, மானூர், சங்கிலிபூதத்தான், கொளத்து மதகு. மூணு, வள்ளியூர், பேரு சொல்லல, பெண் கொரல், தெருவெளக்கு.’ நிறுத்தாமல் சொன்னேன், நம்பர் வாரியாக, பேர், ஊர், துறை. எட்டாவதில் அவர் தாளைப் புரட்டி விரல் வைத்துப் பார்ப்பது கேட்டது. பதினைந்தில் நாற்காலிகள் நகர்ந்து ஆட்கள் சுற்றி வந்தார்கள். களக்காட்டுக்காரர் திட்டித் தீர்த்த அந்த மைத்துனன் பேரைக்கூடச் சொன்னேன். இருபத்தாறு முடிந்ததும் கைதட்டினார்கள். சத்தியமாக. பிரிவே கைதட்டியது. ‘ஏயப்பா, என்னா ஞாபகம்!’ என்றது ஒரு குரல். ‘ஆண்டவன் ஒண்ணை எடுத்தா ஒண்ணைக் குடுப்பான்’ என்றது இன்னொன்று. இசக்கியப்பன் விசிலடித்தான். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்கு மினிஸ்டர் வந்தால் என்னை மேடையில் ஏற்றி வாய்ப்பாடு சொல்ல வைப்பார்கள், அன்றைக்கு இதே கைதட்டல். நான் என் வேலையை நிரூபித்தேன், அவர்கள் குரங்கு கரணம் போட்டதைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். ஞானசிகாமணிக்கு மட்டும் புரிந்துவிட்டது. குனிந்து என் காதருகே வந்தார். ‘அடுத்தவங்க ஐடியில வேலை பார்த்தது பெரிய குத்தம் குருபரன். வெளிய வந்தா ரெண்டு பேருக்கும் பதினேழு-பி குறிப்பாணை, விசாரணை, எல்லாம் வரும். அந்தப் பிள்ளை பேரு கலெக்டர் ஆபீசுக்குப் போயாச்சு. யோசிச்சுப் பாருங்க. பேசாம இதுல ஒரு கையெழுத்து.’ விரலுக்கடியில் ஒரு தாள் வந்தது, ஒரு பேனாவும் வந்தது. ‘அண்ணே’ என்றாள் ராஜகிளி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. ‘ஒங்க ஐடி ஜூன்லயே லாக் ஆயிட்டு. மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டா, கண்ணு தெரியாதவரை ஏன் இதுல உக்கார வச்சியன்னு ஒங்களைத் தூக்கிருவாங்களேன்னு பயந்துதான் என்னுதைப் போட்டேன். சத்தியமா ஒங்களுக்காகத்தான் அண்ணே.’ அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். ஜூனில் உண்மையாக இருந்திருக்கும். லட்டு கொடுக்கும்போது? நான் எழுந்தேன். ‘எனக்கு மொதல்ல பாத்ரூம் போணும் சார்’ என்றேன்.

அறுபத்திரண்டு எட்டு. அதற்கப்புறம் படி. யாரும் இல்லை, எல்லோரும் சாப்பாட்டில். போக ஆரம்பித்தபோது எரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன், எரிச்சலோடு எரிச்சலாகக் கண்ணிலும் வந்துவிட்டது, அழுகிறதற்கு மட்டும் இந்தக் கண் குறை வைப்பதில்லை. யோசிக்கச் சொன்னார், யோசித்தேன். கையெழுத்துப் போட்டால் நான் நல்லவன். அந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ், எனக்குக் காற்றோட்டம், ராத்திரிச் சாப்பாட்டில் திரும்பவும் கதை. மகளுக்குப் பதினாறு வயதாகிவிட்டது, இப்போது நம்ப மாட்டாள். போடாவிட்டால் பதினேழு-பி, ஒழுங்கு நடவடிக்கை. பதவி உயர்வு நின்றுபோகும், விசாரணை அதிகாரி முன்னால் நிற்க வேண்டும், குற்றச்சாட்டு ஒன்று, குற்றச்சாட்டு இரண்டு என்று பக்கம் பக்கமாக வரும். என்ன குற்றச்சாட்டு? மேற்படி குருபரன், ஜூன் மாதம் முதல் இன்றுவரை இத்தனை மனுக்களைப் பதிவு செய்துள்ளார் என்று எழுத வேண்டும். எழுதித்தானே ஆக வேண்டும். நாள், நேரம், மனு எண் போட்டு, அரசாங்க முத்திரை குத்தி, ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டு. நான் வேலை பார்த்தேன் என்று இந்த ஆபீஸ் எழுத்தில் கொடுக்கப்போவது குற்றப் பத்திரிகையில் மட்டும்தான் என்றால், அதை ஏன் விட வேண்டும்? கண்ணுள்ளவன் ஒவ்வொருவனும் தன் சர்வீஸில் ஒரு பதினேழு-பியாவது வாங்கியிருக்கிறான். இருபத்தொரு வருஷத்தில் என்னை ஒருவரும் ஒரு மெமோ கொடுத்துக்கூட மதித்தது இல்லை. ராஜகிளியும் சேர்ந்து மாட்டுவாள். மாட்டட்டும். இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். திரும்பும்போது குடிதண்ணீர்ப் பானை அருகே நின்று நிதானமாக மூன்று டம்ளர் குடித்தேன்.

வந்து உட்கார்ந்தபோது மூக்கன் காதில் சொன்னான், நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும். இருக்கட்டும். வெறும் கடிதம் அடிக்க எந்த ஐடியும் வேண்டாம், நான் மனுஷன்தானா என்று அது கேட்பதில்லை. அவர் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ‘என்ன அடிக்கிய குருபரன்?’ என்றார் ஞானசிகாமணி, பதற்றத்தில் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போடத் தோன்றவில்லை. குற்ற ஒப்புதல் சார், என்றேன். ராஜகிளியின் நாற்காலி கிறீச்சிட்டது. பக்கத்தில் வந்து நின்றாள், மூச்சு என் தோளில் பட்டது. ‘அண்ணே, எல்லாம் எழுதுங்க, எம் பேரை மட்டும் போடாதியண்ணே. ஒங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்.’ அவள் அழுகை பொய்யில்லை, எனக்குக் குரல் தெரியும். ‘ஒங்க பேரைப் போடாம எம் பேரை எங்கம்மா போடுவேன்?’ என்றேன். நான் முதல் வரியை அடித்தேன். ஒன்று, பத்தமடை, மும்தாஜ் பேகம், பட்டா பெயர் மாற்றம், காலை பத்து மணி ஒன்பது நிமிடம், ராஜகிளி அவர்களின் பெயரில் இதைப் பதிந்தவன் நான். இரண்டு, மானூர்.